செவலையின் நெஞ்சுப் படம்

படக்கார அக்காவுக்கு நாய்களைவிட நாய்களின் எலும்புகளைத்தான் நன்றாகத் தெரியும். வாசலில் ஒரு நாயைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசிப்பாள். அதே நாயின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துவிட்டால், இது பேக்கரிக்காரர் வீட்டு நாய், போன வருஷம் பின்னங்கால் ஒடிந்து வந்தது என்று தயங்காமல் சொல்வாள்.

அந்த மிருக ஆஸ்பத்திரிக்கு அவள் இருபத்திரண்டு வயதில் தரை துடைக்க வந்தவள். அப்போதெல்லாம் எக்ஸ்ரே படத்தை இருட்டறையில் கழுவி, கிளிப்பில் மாட்டி, கொடியில் துணி உலர்த்துவது போல உலர்த்துவார்கள். கீழே சொட்டும் தண்ணீரைத் துடைப்பது அவள் வேலை. துடைத்துவிட்டு நிமிரும்போது கண்ணெதிரே விலா எலும்பும் இதயமும் தொங்கும். வெளியே டாக்டர் நாயின் சொந்தக்காரரிடம் என்ன பேசினார் என்பது காதில் விழும். இந்த நிழலுக்கு இந்தப் பேச்சு என்று மனதுக்குள் ஒன்றோடொன்று கோத்துவைத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. ஐந்தாம் வருஷம் படம் எடுப்பவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது, ஆள் வரும்வரை நீ பார்த்துக்கொள் என்றார்கள். ஆள் வரவே இல்லை. அது நடந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது.

அவளிடம் நாய் துள்ளாது. கயிறு போட மாட்டாள், அதட்ட மாட்டாள். தாடைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, மறு கையை முதுகில் வைத்து, நாய் மூச்சு இழுத்து நெஞ்சு நிறையும் அந்த ஒரு நொடிக்குக் காத்திருந்து காலால் பொத்தானை மிதிப்பாள். மூச்சு விட்ட பிறகு எடுத்த நெஞ்சுப் படம் குப்பைக்குத்தான் ஆகும் என்பது அவள் கணக்கு. ஈய அங்கியைச் சுமந்து சுமந்து இடுப்பு போய்விட்டது. அவள் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பி அடிக்கும் பட்டறையில் வெல்டர். அவரும் ஒல்லி, இவளும் ஒல்லி. "நீ எலும்பப் பாக்குற, நான் கம்பியப் பாக்குறேன். நம்ம வீட்ல சதையப் பாக்க ஆளில்ல" என்பார்.

படம் எடுப்பதில் அவளுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, அந்த மிருகத்துக்கு முன்பு எடுத்த படம் இருந்தால் அலமாரியிலிருந்து தேடி எடுத்துப் புதுப் படத்தின் பக்கத்தில் மாட்டிவிடுவாள். பழசைப் பார்க்காமல் புதுசைப் படிக்கக் கூடாது. இரண்டாவது பழக்கம், ஒரு டப்பா பேரியம் பசை. குடல் படம் எடுக்கும்போது வாய்வழியாகக் கொடுக்கிற வெள்ளை மருந்து அது, எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு போலப் பளிச்சென்று தெரியும். குட்டி போட்ட பெட்டை நாய்களுக்கு முலைக்காம்பு தடித்துத் தொங்கும். நெஞ்சுப் படத்தில் அதன் நிழல் விலா எலும்புக்கு மேலே உருண்டையாக விழுந்து, நுரையீரலில் கட்டி இருக்கிற மாதிரியே காட்டும். சந்தேகம் வந்தால் காம்பின் நுனியில் பசையை ஒரு பொட்டு வைத்து மறுபடி படம் எடுப்பாள். நிழலின் மேலேயே வெள்ளைப் பொட்டு விழுந்தால் அது காம்பு. பொட்டு வேறிடத்தில் விழுந்தால் கட்டி. இரண்டு நிமிஷ வேலை.

இந்த ஆஸ்பத்திரியைப் பதினொரு கிளைகள் கொண்ட ஒரு நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே படம் படிக்கிற மெஷின் வந்தது. மெஷின் என்று பெயர்தான், கண்ணுக்குத் தெரிவது ஒரு திரை மட்டுமே. படத்தை எடுத்தவுடன் அது எங்கேயோ போய், ஒரு நிமிஷத்தில் இன்ன இடத்தில் இன்ன கோளாறு, வாய்ப்பு இவ்வளவு என்று எழுதி அனுப்பிவிடும். மருந்து கட்டுகிற கம்பவுண்டர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். வீட்டுக்குப் புதிதாக வந்தவர், குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பவர், எல்லோரும் அவர் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும், அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசக் கூடாது. பெயர் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை என்ன சொல்றாரு என்று டாக்டர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஒரு பூனையின் தொண்டையில் தையல் ஊசி கிடந்ததை அவள் விட்டுவிட்டாள், அது கண்டுபிடித்தது. முடி கனத்துக்கு இருந்த ஒரு கீறலைக் காட்டிக்கொடுத்து ஒரு நாயின் காலைக் காப்பாற்றியது. ஆனால் அதற்குப் பழைய படம் என்று ஒன்று தெரியாது. கணினிக்குள் ஏறியது மட்டும்தான் அதற்குப் படம், அலமாரியில் உறையில் கிடந்தவை அதைப் பொறுத்தவரை இல்லாதவை. பேரியம் பொட்டும் ஆகாது. வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் 'வெளிப்பொருள் உள்ளது, மீண்டும் எடுக்கவும்' என்று படத்தைத் திருப்பிவிடும். திருப்பிய ஒவ்வொரு படமும் எடுத்தவர் கணக்கில் தவறாக ஏறும். மாதக் கடைசியில் பதினொரு கிளைகளின் படக்காரர்களுக்கும் யாருக்கு எத்தனை தவறு என்று ஒரு பட்டியல் வந்து சுவரில் ஒட்டப்படும். முதல் மாதம் அவள் பெயர் மேலிருந்து இரண்டாவது. மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னார். இத்தனை வருஷ அனுபவம், நேற்று வந்த பிள்ளைகளைவிட அதிகத் தவறு வரலாமா அக்கா என்றார். எட்டைத் தாண்டினால் மேலிடத்திலிருந்து கடிதம் வருமாம்.

பசை டப்பாவை அவள் கீழ்த் தட்டுக்கு மாற்றினாள். அலமாரியில் பழைய உறைகளைத் தேடுவதையும் விட்டாள். அடுத்த மாதம் அவள் பெயர் பட்டியலில் ஐந்தாவது இடத்துக்கு இறங்கியது.

செவலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஒன்பது வயதுப் பெட்டை, இரண்டு முறை குட்டி போட்டது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் ஒரு வேன்காரருடையது. அவர் வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்தே வளர்ந்த நாய். பிள்ளைகள் ஏறினால் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும், கடைசிப் பிள்ளை இறங்கியதும் முன்னால் வந்துவிடும் என்று அவரே பெருமையாகச் சொன்னார். இப்போது அடிவயிற்று மடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி, உடைந்து புண்ணாகியிருந்தது. அறுத்து எடுத்துவிடலாம். அதற்கு முன்னால் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரவியிருந்தால் அறுத்துப் பயனில்லை.

நாய் வலியிலும் வாலை ஆட்டிக்கொண்டே மேசையில் படுத்தது. நெஞ்சு நிறைந்தது, அவள் மிதித்தாள். படம் திரையில் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், சட்டைக்கு வைத்த பித்தான்கள் போல, இரண்டு உருண்டை நிழல்கள்.

காம்பு என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்று சொல்வதுகூடக் குறைவு. கட்டி வளர்கிறபோது இடம் பார்த்து, இந்தப் பக்கத்துக்கு ஒன்று அந்தப் பக்கத்துக்கு ஒன்று என்று அளந்து வளராது. குனிந்து கீழ்த் தட்டில் கையை வைத்தாள். டப்பாவின் மூடி விரலில் பட்டது. அந்த மாதம் அவள் கணக்கில் ஏற்கெனவே எட்டு. இன்னொன்று திரும்பினால் கடிதம். டாக்டர் எப்படியும் பார்ப்பாரே என்று நினைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள். அதற்குள் மாப்பிள்ளையின் பதில் வந்துவிட்டது. 'நுரையீரலில் இரண்டு கட்டிகள். பரவிய புற்றாக இருக்க வாய்ப்பு 91 சதவீதம்.'

அன்று பணியில் இருந்தது சின்ன டாக்டர். படித்து முடித்து இரண்டு வருஷம் ஆன பெண். அக்கா சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள், பண்டிகைக்கு உடுப்பு எடுத்தால் அக்காவிடம் நிறம் கேட்பாள், அவ்வளவு ஒட்டுதல். வெளியே பதினாலு பேர் காத்திருந்தார்கள். ஒரு மிருகத்துக்கு ஏழு நிமிஷம் என்று நிறுவனம் வைத்திருந்தது. சின்ன டாக்டர் அறைக்குள் எட்டிப்பார்த்து, தன் திரையில் வந்ததைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொன்னாள். "தொண்ணூத்தி ஒண்ணு போட்டிருக்காரு அக்கா மாப்பிள்ள. பாவம் அந்த மனுஷன். எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

அக்கா வாயைத் திறந்தாள். சின்ன டாக்டரின் கண் அதற்குள் கலங்கியிருந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

வேன்காரரிடம் சின்ன டாக்டர் நிதானமாகத்தான் பேசினாள். நுரையீரலுக்குப் போய்விட்டது, இனி மூச்சு முட்டும், புண்ணும் ஆறாது, நாளைக்கு நாள் வேதனை கூடும் என்றாள். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார். நீங்க பாத்தாச்சுல்ல டாக்டர் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பார்த்தாச்சு என்றாள். மெஷின் பார்த்தது என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எந்தத் தாளிலும் இல்லை. கருணை ஊசிக்கான ஒப்புதல் தாளில் அவர் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வேனுக்குப் போய் ஒரு பாக்கெட் பிஸ்கட் எடுத்துவந்தார். நாய் மூன்று பிஸ்கட் தின்றது. நாலாவது அதன் வாய்க்குள் இருக்கும்போதே சின்ன டாக்டர் ஊசியைப் போட்டாள். முன்னங்காலைப் பிடித்து, நரம்பு எழும்ப முழங்கைக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொடுத்தது அக்கா. அழுத்திய விரலை மெல்ல எடுக்க வேண்டும், அப்போதுதான் மருந்து மேலே ஏறும். எடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து வேன்காரர் வந்தார். மகள் வெளியூரில் வேலையில் இருக்கிறாள், நாயைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான், நம்ப மாட்டேன் என்கிறாள், செவலையின் படங்களை எல்லாம் கேட்கிறாள் என்றார். "ரெண்டு வருஷம் முன்ன இருமலுக்கு ஒண்ணு எடுத்தோமேம்மா. அதுவும் இருந்தா குடுங்க."

அக்கா பதிவேட்டில் எண்ணைப் பார்த்து அலமாரியைத் திறந்தாள். உறை மூன்றாம் தட்டில், இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதே விலா எலும்புகள். அதே உயரத்தில் அதே இரண்டு உருண்டைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு. உறையின் மேல் அவள் கையெழுத்தில், 'முலைக்காம்பு. நுரையீரல் சுத்தம்' என்று எழுதியிருந்தது.

படத்தை உறைக்குள் திரும்பப் போட்டாள். வெளியே அவர் காத்திருந்தார். புதுப் படத்தை மட்டும் பிலிமில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பழையது இடம் மாற்றியபோது போய்விட்டது என்றாள். அவர் பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். 

மறுநாள் உறையைச் சின்ன டாக்டரிடம் கொடுத்தாள். சின்ன டாக்டர் படத்தைப் பார்த்தாள், உறையில் எழுதியிருந்ததைப் படித்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கே தெரியுமா அக்கா?"

"தோணுச்சு டாக்டர்."

"சொல்லல."

"சொல்லல."

சின்ன டாக்டர் அழவில்லை. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு முறை உற்றுப் பார்த்திருந்தால் தனக்கே தெரிந்திருக்கும், இது கல்லூரியில் இரண்டாம் வருஷப் பாடம், மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது என்றாள். பிறகு உறையை மேசையின் குறுக்கே தள்ளினாள். "இதக் கிழிச்சுப் போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பத்திரமா வெச்சிக்கங்கன்னும் சொல்ல மாட்டேன். என்னைக் கேக்காதீங்க அக்கா."

அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

மகள் அந்தப் படத்தின் நகலை வேறொரு ஊரில் ஒரு மிருக டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர் இது சந்தேகத்துக்குரியது, இதை மட்டும் வைத்து முடிவெடுத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். புகார் டாக்டர்களைப் பதிவு செய்கிற கவுன்சிலுக்குப் போனது. ஆஸ்பத்திரி தரப்பில் நாலு பக்கத்துக்குப் பதில் போனது. அதில் மூன்றாவது வரி, 'முந்தைய படங்கள் எதுவும் இருப்பில் இல்லை.' படக்கார அக்கா வாய்வார்த்தையாகச் சொன்ன பொய் அச்சாகி, முத்திரை குத்தி, எண் போட்டு நின்றது.

விசாரணைக்கு முன்னால் மேனேஜர் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தார். மெஷின் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், அது ஒரு துணைக்கருவி, இறுதி முடிவு பதிவு பெற்ற மருத்துவருடையது என்று இருப்பதைப் படித்துக் காட்டினார். ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் உள்ள ஒப்பந்தத்தில், மருத்துவ முடிவுகளுக்கு மருத்துவரே பொறுப்பு என்று இருப்பதையும் படித்தார். ஏழு நிமிஷம் என்பதும் தவறுப் பட்டியலும் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அவை சுவரில் மட்டும் இருந்தன, விசாரணைக்கு முந்தின வாரம் சுவரிலும் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று முடித்தார். கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு, மாப்பிள்ளைக்கு எத்தனை தாய்மாமன் பாருங்க என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அரிசி அளக்கப் போன வீட்டுக்காரர் உறையைப் பார்த்துவிட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அரிசியை அளந்து முடித்தார்.

"இதக் காட்டினா யாரு மாட்டுவா?"

"சின்ன டாக்டர்."

"மெஷின்?"

"மாட்டாது."

"மேனேஜர்?"

"அவரு ஏன் மாட்டப்போறாரு."

"காட்டலன்னா?"

"ஒண்ணும் நிரூபணம் ஆகாது. டாக்டரக் கண்டிச்சு அனுப்பிடுவாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் என்னடி?"

"அந்த மனுஷன் கேட்டாருங்க. நான் இல்லன்னுட்டேன்."

அவர் டின்னை மூடி, பழைய இடத்தில் தள்ளி வைத்தார். உறையை அவள் கையில் கொடுத்தார். 

விசாரணை ஒரு மாடிக் கட்டடத்தில், நீளமான மேசை போட்ட அறையில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் மாட்டு வைத்தியத்தில் முடி நரைத்தவர், தடித்த கை. பின் வரிசையில் வேன்காரர், மடிப்புக் கலையாத சட்டையில். முதலில் அவரைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றார். "எனக்கு யாருக்கும் தண்டன வாங்கித் தரணும்னு இல்லைங்க. அது நோயாளியா இருந்துச்சா, நல்லா இருந்துச்சா. அத மட்டும் சொல்லிடுங்க. எம் பொண்ணு போன்ல பேச மாட்டேங்குது." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

மெஷின் நிறுவனத்திலிருந்து வந்திருந்த வக்கீல் மரியாதையாகப் பேசினார். அந்தத் தொண்ணூற்றொன்று என்கிற எண் நோயைப் பற்றியதல்ல, நிழலின் சாயலைப் பற்றியது என்றார். மருத்துவர் சரிபார்க்க வேண்டும் என்று ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் அச்சிட்டிருப்பதைக் காட்டினார். தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோய்த்தான் அதைப் படிக்க முடிந்தது. பிறகு வக்கீல் இன்னொரு தாளைக் கொடுத்தார். மெஷின் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தது. டாக்டர் அறிக்கையைத் திறந்ததற்கும் சரி என்று கையெழுத்திட்டதற்கும் இடையில் முப்பத்தெட்டு வினாடிகள்.

அது சரியா என்று தலைவர் கேட்டார். சரி என்றாள் சின்ன டாக்டர். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார். வெளியே பதினாலு பேர் இருந்தார்கள் என்று ஆரம்பித்தவள், மேனேஜர் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குப் புரியுதும்மா" என்றார் தலைவர். "ஆனா மெஷின விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் கெடையாது. அத விக்கிறவங்கள விசாரிக்கவும் கெடையாது. எங்ககிட்ட பதிவு இருக்கறவங்களத்தான் நாங்க கேள்வி கேக்க முடியும். அப்படி இந்த ரூம்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

அக்காவைக் கூப்பிட்டார்கள். படம் எடுத்த நாள், நேரம், எத்தனை படம், மெஷின் ஏற்றுக்கொண்டதா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தலைவர் பேனாவை மூடினார். இந்தப் படத்தில் இருப்பது கட்டியா இல்லையா என்று இப்போது தீர்மானிக்க வழியில்லை, உடலும் இல்லை, ஒப்பிடப் பழைய படமும் இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நீங்க போகலாம்மா என்றார்.

அவள் எழுந்தாள். சின்ன டாக்டர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பையின் ஜிப்பைத் திறந்த சத்தத்துக்கு மட்டும் ஒரு முறை நிமிர்ந்தாள். தடுக்கவில்லை.

"பழைய படம் இருக்குங்க" என்றாள் அக்கா. "இல்லன்னு சொன்னது நான்தான்."

தலைவர் உறையிலிருந்து படத்தை உருவி, எழுந்து ஜன்னலுக்குப் போனார். புதுப் படத்தைப் பக்கத்தில் பிடித்தார். மற்ற இருவரும் எழுந்துபோய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்று பேருமே மிருக டாக்டர்கள்.

பசை வைப்பது உங்கள் வழக்கம்தானா, பிறகு ஏன் இந்த முறை வைக்கவில்லை என்று கேட்டார். அவள் சொன்னாள். திருப்பி அனுப்புகிற படம், பட்டியல், எட்டு என்கிற எண் எல்லாவற்றையும் சொன்னாள். அப்படி ஒரு பட்டியல் இருப்பதற்கு ஆவணம் ஏதும் இல்லை என்றார் மேனேஜர் எழுந்து. தலைவர் எழுதிக்கொண்டார். எதை எழுதிக்கொண்டார் என்று தெரியவில்லை. கடைசியில் பின் வரிசையைப் பார்த்துச் சொன்னார், "ஐயா, உங்க நாய்க்கு நுரையீரல்ல ஒண்ணும் இல்ல. மடியில இருந்த கட்டிய எடுத்திருந்தா இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. இருந்திருக்கலாம்." வேன்காரர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார், ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரியே.

தீர்ப்பு கடிதத்தில் வரும் என்றார்கள். பிறகு வந்தது. சின்ன டாக்டரின் பதிவு பதினெட்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. படக்கார அக்கா எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவள் என்பதால் அவளைப் பற்றிக் கவுன்சிலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இருந்தது. ஆவணத்தை மறைத்ததற்காக அவளை வேலையிலிருந்து நீக்கியது. மெஷின் நிறுவனம் அந்தப் பழைய படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகக் கம்பவுண்டர் பிற்பாடு சொன்னார். மாப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவாம்.

விசாரணை நடந்த அன்று அறையை விட்டு வெளியே வந்தபோது சின்ன டாக்டர் நடைவழியில் சுவரோரம் நின்றிருந்தாள். அக்கா பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல், சாப்பிட்டீங்களா டாக்டர் என்றுதான் கேட்க வந்தது.

"நீங்க பண்ணது சரின்னு ஒருநாள் சொல்லுவேன் அக்கா" என்றாள் சின்ன டாக்டர். "இன்னைக்கு முடியல. நீங்க போங்க."

அக்கா படியிறங்கினாள். கீழே மர நிழலில் வேன் நின்றது. வேன்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றார். தன்னைப் பேசாமல் போக விடுவார் என்று நினைத்தாள். விடவில்லை.

"நீங்கதான அன்னைக்குக் காலப் புடிச்சீங்க?"

"ஆமாங்க."

"தெரிஞ்சேவா?"

பொய் சொல்ல இடமிருந்தது. சந்தேகம்தான் இருந்தது, உறுதியில்லை என்று சொல்லலாம், அதில் பாதி உண்மையும் இருக்கும். "தெரிஞ்சுதாங்க" என்றாள். "வாயத் தொறந்திருந்தா போதும். தொறக்கல."

அவர் திட்டவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "காலைல வரைக்கும் அது நோயில செத்துச்சும்மா. இப்ப என் கையெழுத்துல செத்திருக்கு. இத எம் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

 என் பெயரைச் சொல்லுங்கள், படம் எடுத்தவள் மறைத்துவிட்டாள் என்று சொல்லுங்கள் என்றாள். அவர் அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை. முன் இருக்கையில் கிடந்த, நாலாக மடித்து ஓரம் கசங்கிய பிலிமை எடுத்து நீட்டினார். "மூணு மாசமா கையில வெச்சிருக்கேன். எல்லாரும் பாக்குறாங்க, என்னென்னமோ சொல்றாங்க. எனக்கு யாரும் காட்டல. எங்க இருக்குன்னு காட்டுங்க."

அவள் பிலிமைத் திறந்திருந்த கதவின் கண்ணாடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது. இது முதுகெலும்பு என்றாள். இது இதயம், கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இந்தக் கருப்பெல்லாம் நுரையீரல், கருப்பாக இருந்தால் காற்று இருக்கிறது என்று அர்த்தம், நல்லது. விலா எலும்பை மேலிருந்து ஒவ்வொன்றாக விரலால் எண்ணிக்கொண்டே இறங்கி, ஏழாவதில் நிறுத்தினாள். இந்தப் பக்கம் ஒரு காம்பு. அந்தப் பக்கம் ஒன்று.

அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். இவளுடைய விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தார். பிறகு மறுபக்கம். மறுபடி இந்தப் பக்கம். உதடு அசைந்தது, எண்ணினார் போலிருக்கிறது.

"ரெண்டும் ஒரே நேரா இருக்கு" என்றார்.

"ஆமாங்க."

"இத அன்னைக்கு என்கிட்டக் காட்டியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமே. நான்தான் தெனம் அதுக்கு வயித்தச் சொறிஞ்சு விடுவேன்."

அவள் பிலிமைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.  அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கி, மடித்த இடத்திலேயே மடித்து, இருக்கையில் வைத்தார். மூன்றரைக்குப் பள்ளி விடும், பிள்ளைகள் வாசலில் நிற்கும் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வேன் முதல் தடவையில் கிளம்பவில்லை, இரண்டாவது தடவையில் கிளம்பியது. அவள் வழிவிட்டு ஒதுங்கினாள்.